பக்கம் மாறிய சாலைகள்: அஞ்சல்தலை வெளியான தேதியையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலையில் இடப்பக்கம் சென்றுகொண்டிருந்து பின்னர் வலப்பக்கத்துக்கு மாறிய நாடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பாடப்புத்தகங்களிலும் பொது அறிவுப் புத்தகங்களிலும் ஒரு வரியில் கடந்துபோகும் செய்திக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் பாராட்டு. கட்டுரையின் ஓரத்தில், ‘இந்த மாற்றங்களின் நினைவாக வெளியிடப்பட்ட அஞ்சல்தலைகள்’ என்ற குறிப்புடன் சுவீடன், ஐஸ்லாந்து, நைஜீரியா, கானா ஆகிய நாடுகளின் அஞ்சல்தலைகள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. போக்குவரத்து தொடர்பான அஞ்சல்தலைகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருபவன் என்ற முறையில் அந்தக் குறிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான்கு நாடுகளின் வெளியீடுகளையும் ஒரே வகையாகக் கருதியது சரியன்று. சுவீடனும் ஐஸ்லாந்தும் கானாவும் மாற்றம் நடப்பதற்கு முன்பே அஞ்சல்தலையை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டன; நைஜீரியா மட்டுமே எல்லாம் முடிந்த பிறகு வெளியிட்டது. முன்னால் வந்தது ஓர் அரசின் அறிவிப்பு. பின்னால் வந்ததுதான் நினைவுச் சின்னம். தேதியைப் பாராமல் படத்தை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

சுவீடன் ஏன் முன்கூட்டியே வெளியிட வேண்டியிருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, கட்டுரையில் இருந்த இன்னொரு வரியையும் திருத்த வேண்டியிருக்கிறது. ‘மக்களின் விருப்பத்தை ஏற்று’ சுவீடன் அரசு வலப்பக்கத்துக்கு மாறியதாகக் கட்டுரையாளர் எழுதியிருந்தார். நடந்தது இதற்கு நேர்மாறானது. 1955 அக்டோபரில் அந்நாட்டில் இதற்காகவே ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் இடப்பக்கமே தொடரட்டும் என்றார்கள். அந்தத் தீர்ப்பு வந்து எட்டு ஆண்டுகள் கூட முழுதாக ஆகாத நிலையில், 1963இல் நாடாளுமன்றம் வலப்பக்கத்துக்கு மாறுவதென்று முடிவெடுத்தது. அரசின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. அண்டை நாடுகளான நார்வேயும் பின்லாந்தும் டென்மார்க்கும் வலப்பக்கம் சென்றுகொண்டிருந்தன. நார்வே எல்லையிலும் பின்லாந்து எல்லையிலும் வண்டிகள் ஒவ்வொரு முறையும் பக்கம் மாற வேண்டியிருந்தது. அதைவிட விந்தையான சங்கதி, சுவீடனில் ஓடிய கார்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, உள்நாட்டில் தயாரான வால்வோ, சாப் உட்பட, ஸ்டியரிங் இடப்பக்கத்தில் இருந்தது. இடப்பக்கமாகச் செல்லும் சாலையில் ஓட்டுநரும் இடப்பக்க ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தால், முன்னால் போகும் லாரியை முந்துவதற்கு எதிரே வருவது என்ன என்று பார்க்க, காரின் பாதியை நடுச்சாலைக்குக் கொண்டுபோனால்தான் முடியும். குறுகலான இருவழிச் சாலைகளில் நேருக்கு நேர் மோதல்களுக்கு இது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆக, ‘வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லிவிட்ட மக்களையே, குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு மணியில், ஒருவர் விடாமல் புதிய பழக்கத்துக்கு மாற்றியாக வேண்டும் என்பதுதான் சுவீடன் அரசின் முன்னிருந்த வேலை. சட்டம் போட்டுவிடலாம்; கையும் காலும் சட்டத்தைக் கேட்டு நடப்பவை அல்ல. வளைவில் திரும்பும்போதும் தெருவைக் கடக்கும்போதும் உடம்பு யோசித்துச் செயல்படுவதில்லை. இதற்கென்றே ஓர் அரசு ஆணையம் அமைக்கப்பட்டது. உளவியலாளர்களின் யோசனைகளையும் கேட்டு, ஆணையம் பல ஆண்டுகள் முன்னேற்பாடுகளைச் செய்தது. வலப்பக்கப் போக்குவரத்து என்பதற்கான சுவீடிஷ் சொல்லின் முதலெழுத்தாகிய எச் என்ற எழுத்தைக் கொண்டு ஒரு சின்னம் உருவாக்கினார்கள். மாற்ற நாளுக்கே எச் நாள் என்று பெயராயிற்று. அந்தச் சின்னம் பால் பெட்டிகளில் அச்சானது. உள்ளாடைகளில்கூட அச்சானது என்றால் பிரசாரம் எந்த அளவுக்குப் போனது என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பாட்டுப் போட்டி வைத்து, ‘வலப்பக்கமே போ’ என்ற கருத்தில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, அது ஊரெல்லாம் ஒலித்தது. வீடுகளுக்குக் கையேடு போயிற்று. இத்தனைக்கும் நடுவில்தான் அஞ்சல் துறையும் தன் பங்குக்கு 35 ஓரே, 45 ஓரே மதிப்புகளில் இரண்டு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. 100 ஓரே சேர்ந்தது ஒரு க்ரோனா. எனவே இரண்டுமே அரை க்ரோனாவுக்கும் குறைந்த, சாதாரண மக்கள் சாதாரணக் கடிதங்களில் ஒட்டும் மதிப்புகள். சேகரிப்பாளர்களின் பையைக் குறிவைத்து உயர்ந்த மதிப்பில் ஒன்றையும் சேர்த்துவிடும் வழக்கம் பல நாடுகளுக்கு உண்டு. இங்கே அது இல்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அஞ்சல்தலை வெளியான நாள் 1967 செப்டம்பர் 2, சனிக்கிழமை. மாற்றம் நிகழ்ந்தது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு. அன்றிரவு 1 மணியிலிருந்தே அவசியமற்ற வண்டிகள் சாலைக்கு வரக்கூடாது என்று தடை இருந்தது. ஸ்டாக்ஹோமிலும் மால்மோவிலும் சனிக்கிழமை முற்பகலிலேயே தடை தொடங்கி ஞாயிறு பிற்பகல் வரை நீடித்தது. புதிய சாலைக் குறிப் பலகைகளைக் கறுப்பு உறையால் மூடி முன்னதாகவே நட்டு வைத்திருந்தார்கள். அந்த இரவில் உறைகளை உரிப்பதும் பழைய பலகைகளை அகற்றுவதுமாகத் தொழிலாளர்களும் ராணுவத்தினரும் நாடு முழுவதும் இறங்கி வேலை செய்தார்கள். மாற்றப்பட்ட பலகைகளின் எண்ணிக்கை சுமார் 3,60,000 என்று கணக்குச் சொல்கிறார்கள். 4.50 மணிக்கு, சாலையில் இருந்த ஒவ்வொரு வண்டியும் நின்றுவிட வேண்டும். நின்ற வண்டிகள் மெல்ல எதிர்ப்பக்கத்துக்கு நகர்ந்து, அங்கே மறுபடி நின்று, 5 அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்டாக்ஹோமின் குங்ஸ்காட்டன் வீதியில் கார்களும் ஆட்களும் குறுக்கும் நெடுக்குமாகக் கலந்து நிற்கும் புகைப்படத்தைத் தங்கள் கட்டுரையிலும் வெளியிட்டிருந்தீர்கள். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் பெருங்குழப்பம் நடந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பக்கம் மாற்றிக்கொண்டிருந்த வேளையில் எடுத்தது; கூட்டத்தில் பெரும்பகுதி வேடிக்கை பார்க்க விடியலிலேயே எழுந்து வந்தவர்கள்.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் ஒருவர் என்னை மடக்கக்கூடும். சனிக்கிழமை விற்பனைக்கு வந்த அஞ்சல்தலையை ஒட்டி, அன்றே பெட்டியில் போட்ட கடிதம் ஞாயிறு விடியலுக்குள் யார் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்? பிறகு அது எப்படி முன்னறிவிப்பாகும்? நியாயமான கேள்விதான். என் கணிப்பு இது: அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை, செப்டம்பர் 4. அதிகாரிகள் உள்ளூர அஞ்சிய நாளும் அதுதான். ஞாயிறன்று பாதிச் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. ஓட்டியவர்களும் ஆமை வேகத்தில் ஓட்டினார்கள். திங்களன்றுதான் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். அந்தக் காலையில் வாசலில் வந்து விழுந்த கடிதத்தின் மூலையில் ‘பக்கம் மாறிவிட்டது’ என்று நினைவூட்டும் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. முதல் வாரத்து மறதிக்கு மருந்தாக அதைக் கணக்கிட்டே வெளியிட்டார்களா, அல்லது முதல் நாளுக்கு முந்தைய நாள் என்பது ஒரு அழகான தேதியாக இருக்கிறதே என்று வைத்தார்களா என்பது வேறு விஷயம். பயன் கிடைத்தது அந்த வாரத்தில்தான். அன்றைய திங்கட்கிழமை நாடு முழுவதும் பதிவான விபத்துகள் 125. அதற்கு முந்தைய திங்கட்கிழமைகளில் 130 முதல் 198 வரை பதிவாகியிருந்தன. உயிரிழப்பு எதுவும் இல்லை. இந்தப் பெருமையை அஞ்சல்தலையின் கணக்கில் எழுத நான் துணியமாட்டேன். மக்கள் பயந்து பயந்து ஓட்டியதே காரணம். பயம் தெளிந்ததும் இரண்டு ஆண்டுகளுக்குள் விபத்துகள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டன.

என் ஆல்பத்தில் இந்த அஞ்சல்தலை ஒட்டிய இரண்டு சுவீடன் உறைகள் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. ஒன்று முதல்நாள் உறை, அதாவது அஞ்சல்தலை வெளியான நாளிலேயே அஞ்சலக முத்திரை குத்திய உறை; முத்திரையில் 2.9.67 என்ற தேதி பிசிறின்றி விழுந்திருக்கிறது. மற்றொன்று ஏதோ ஒரு மரவியாபாரி வெளியூருக்கு அனுப்பிய வணிகக் கடிதம். முகவரி தட்டச்சில் இருக்கிறது, ஓரம் கிழிந்திருக்கிறது, முத்திரை அஞ்சல்தலையின் பாதியை மறைத்தபடி கறுப்பாக அப்பிக்கிடக்கிறது, தேதி அந்த ஆண்டு நவம்பர். விலைக்குப் போட்டால் முதலாவதற்குத்தான் ஆள் வரும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நான் மேலே சொன்னது துலங்கும். ஒரே அஞ்சல்தலை செப்டம்பரில் ‘கவனம்’ என்கிறது. நவம்பரில் ‘கடந்துவந்தோம்’ என்கிறது.

ஐஸ்லாந்து இன்னும் சற்றுத் தாராளமாக நேரம் கொடுத்தது. அங்கே மாற்றம் 1968 மே 26, ஞாயிறு காலை 6 மணிக்கு. அஞ்சல்தலைகள் மே 21, செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டன. 4 க்ரோனா, 5 க்ரோனா என்று இரண்டு. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 2 லட்சம்தான். அதில் ஒரு பகுதியினர் தலைநகரான ரெய்க்யவிக்கிலிருந்து வெகுதூரத்தில், ஒன்றுக்கொன்று எட்டாத பண்ணைகளில் வாழ்ந்தார்கள். அத்தகைய நாட்டில் கடிதத்தின் மேல் ஒட்டி அனுப்பும் செய்திக்கு ஐந்து நாள் அவகாசம் கொடுத்தது வெறும் தற்செயலாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஐஸ்லாந்துக்கு இது முதல் முயற்சியும் அல்ல. 1941 தொடக்கத்தில் வலப்பக்கத்துக்கு மாறுவதென்று 1940இலேயே சட்டம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டாம் உலகப்போர் காரணமாகப் பிரிட்டிஷ் படைகள் தீவில் வந்து இறங்கிவிட்டன. வந்தவர்கள் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். ராணுவ லாரிகளும் உள்ளூர் வண்டிகளும் மோதிக்கொள்ள வேண்டாமென்று மாற்றம் தள்ளிப்போடப்பட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. 1968 மாற்றத்தின்போது மிதிவண்டியில் போன சிறுவன் ஒருவனின் கால் முறிந்ததே நேர்ந்த ஒரே காயம் என்று இன்றும் சொல்லப்படுகிறது. ஐஸ்லாந்திய மொழியிலும் ‘வலம்’ என்பதற்கான சொல் எச் எழுத்தில் தொடங்குவதால் அங்கேயும் அது எச் நாள்தான்.

நைஜீரியாவையும் கானாவையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இடப்பக்கம் பழகிய இந்த நாடுகளைச் சுற்றிலும் பிரெஞ்சு ஆட்சியில் வலப்பக்கம் பழகிய நாடுகள் இருந்தன; எல்லை தாண்டும் லாரிப் போக்குவரத்து பெருகப் பெருக, மாறுவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று. நைஜீரியா மாறியது 1972 ஏப்ரல் 2, ஈஸ்டர் ஞாயிறு அன்று. அஞ்சல்தலைகள் வந்ததோ அதற்குப் பிறகு, ஜூன் மாதத்தில். தங்கள் குறிப்பு முழுமையாகப் பொருந்துவது இந்த ஒரு வெளியீட்டுக்குத்தான். கானா 1974 ஆகஸ்ட் 4, அதுவும் ஒரு ஞாயிறு, மாறியது. அஞ்சல்தலைகள் அதற்கு முன்பே, ஜூலையில் வெளியாகின. தேதியை வைத்துப் பார்த்தால் கானாவும் அறிவிப்பு வகையில்தான் சேர வேண்டும். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்தக் காலத்து கானா அஞ்சல்தலைகளில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் ஆல்பங்களுக்கென்றே அச்சானவை. நம் ஊர்ச் சந்தையில் பொட்டலம் பொட்டலமாகக் கிடைப்பதும் பயன்படுத்தாத புதுத் தலைகளே. இந்த வெளியீடு ஒட்டிய, கானாவுக்குள்ளேயே போய்வந்த சாதாரணக் கடித உறை ஒன்றை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. வாசகர்களில் யாரிடமாவது இருந்தால் அதன் படத்தைத் தங்கள் இணைப்புக்கு அனுப்பிவைத்தால் நான் மகிழ்ச்சியோடு என் தயக்கத்தைக் கைவிடுவேன். கானா அரசின் பிரசாரம் வலுவானதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அக்கான் மொழியில், ‘வலம், வலம், நான்காம் தேதி’ என்று பொருள்படும் முழக்கத்தை மக்கள் நாவில் ஏற்றியிருந்தார்கள்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் வந்த சமோவாவின் கதை இவற்றுக்கு எதிர்த்திசை. 2009 செப்டம்பர் 7 அன்று அந்தத் தீவு நாடு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறியது; ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து குறைந்த விலையில் கிடைக்கும் பழைய கார்களை இறக்குமதி செய்ய வசதியாக இருக்கும் என்பதே காரணம். அங்கேயும் எதிர்ப்பு இருந்தது. ஊர்வலமும் வழக்கும் நடந்தன. ஆனால் கடிதத்தை நம்பி அறிவிப்புச் செய்யும் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. வானொலியும் தொலைக்காட்சியும் பார்த்துக்கொண்டன.

அஞ்சல்தலையைக் கொண்டு ஒரு புதிய பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது நமக்கும் புதிதல்ல என்பதைக் கட்டுரையாளர் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 1957 ஏப்ரல் 1 அன்று அணாக் கணக்கு போய் நயா பைசாக் கணக்கு வந்தபோது, இந்திய வரைபடம் அச்சிட்ட அஞ்சல்தலை வரிசை அன்றைய தினமே அஞ்சலகங்களுக்கு வந்துவிட்டது. அதில் 6 நயா பைசா, 13 நயா பைசா என்று விநோதமான மதிப்புகள் இருப்பதைப் பார்த்து, இன்று சேகரிக்கத் தொடங்கும் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். ஓர் அணாவுக்குக் கணக்குப்படி ஆறேகால் பைசா; இரண்டு அணாவுக்குப் பன்னிரண்டரை. முழு எண்ணாக்கியபோது 6 என்றும் 13 என்றும் ஆயிற்று. அணாவிலேயே எண்ணிப் பழகிய ஒரு தலைமுறை, அஞ்சலகச் சாளரத்தில் சில்லறை கொடுத்து அஞ்சல்தலை வாங்கியபோதே புதுக்கணக்கையும் கற்றுக்கொண்டது. அந்த வரிசையை யாரும் ‘நயா பைசாவின் நினைவு வெளியீடு’ என்று சொல்வதில்லை. சுவீடனின் 35 ஓரேயையும் ஐஸ்லாந்தின் 4 க்ரோனாவையும் நாம் பார்க்க வேண்டியது அந்த வரிசைக்குப் பக்கத்தில் வைத்துத்தான்.

தங்கள் இணைப்பில் அஞ்சல்தலைகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. அது சேகரிப்பாளர்களுக்கு மிகுந்த ஊக்கம் தருகிறது. இனிமேல் படத்தின் கீழே நாட்டின் பெயரோடும் ஆண்டோடும் நிறுத்தாமல், வெளியான நாளையும் மாதத்தையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நல்ல கேட்டலாக் எதிலும் அந்தத் தேதி இருக்கும். ஒரு வரிதான் கூடும். ‘1967, சுவீடன்’ என்றால் முன்னா பின்னா என்று தெரியாது. ‘1967 செப்டம்பர் 2’ என்றால் கட்டுரையைப் படித்தவர் தாமே புரிந்துகொள்வார். மாநில அளவிலான அஞ்சல்தலைக் கண்காட்சிகளில் ஒரே பொருளைப் பற்றிய அஞ்சல்தலைகளைச் சட்டகங்களில் தொகுத்து வைப்போருக்கும் இதுவே என் வேண்டுகோள்.

கூடவே, கட்டுரையைப் படித்துவிட்டு இந்த அஞ்சல்தலைகளைத் தேடப் புறப்படும் இளம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கடைகளில் இவை ஒட்டிய உறைகள் கிடைத்தால், வீட்டுக்கு வந்ததும் தட்டில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து அஞ்சல்தலையைப் பிரித்தெடுத்துவிடாதீர்கள். அப்படிப் பிரித்தால் பெரும்பாலும் முத்திரையின் பாதி உறையோடு போய்விடும். எஞ்சுவது தேதி இல்லாத ஒரு படம். உறையை முழுதாகவே, வெளிச்சமும் ஈரமும் படாமல், பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். கிழிந்த உறையாக இருந்தாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகரும் அஞ்சல்தலைச் சேகரிப்பாளருமான ஒருவர்,
தஞ்சாவூர்.